கைக்குழந்தையின் சளிக்கு சிரப் வேண்டாம், மூச்சை எண்ணுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் நாளிதழ்களில் டெங்குவைப் பற்றியும் ஃப்ளூவைப் பற்றியும் செய்திகள் வரத் தொடங்கும். தேங்கிய நீரை அகற்றுங்கள், காய்ச்சிய நீரைக் குடியுங்கள் என்ற குறிப்புகளும் கூடவே வரும். அவை தேவையானவைதான். ஆனால் மழைக்கால மாதங்களில் மூச்சுத்திணறலோடு வார்டுக்கு வரும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது ஆர்எஸ்வி என்ற வைரஸ். அதன் பெயர் செய்திகளில் தென்படுவதே அபூர்வம். 2025 ஜனவரியில் எச்எம்பிவி தொற்று சென்னையிலும் சேலத்திலும் இருவருக்குக் கண்டறியப்பட்டபோது பல நாட்கள் அதுவே பேச்சாக இருந்தது. அது 2001-லேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட பழைய வைரஸ். அதைவிடப் பல மடங்கு குழந்தைகளை ஆண்டுதோறும் படுக்கையில் தள்ளும் அதன் நெருங்கிய உறவான ஆர்எஸ்வி பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை. அந்தக் குறை தீர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

ஆர்எஸ்வி முதன்முதலில் 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே பால்டிமோர் நகரில் நோயுற்ற குழந்தைகளிடமும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் சாதாரணச் சளிதான் (முதியவர்களுக்கும் நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கும் மட்டும் கடுமையாகலாம்). ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வந்தால் கதை வேறு. 2019-ல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 36 லட்சம் குழந்தைகள் இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்றும், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதம் நிறையாதவர்கள். மரணங்களில் 97 சதவீதம் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆனாலும் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளும் ஏராளமாக அட்மிட் ஆகிறார்கள். ‘கொழுக் மொழுக்கென்று இருக்கிறான், ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

ஏன் கைக்குழந்தைகளை மட்டும் இப்படிப் பிடிக்கிறது? நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் கடைசிக் கிளைகள் மிக நுண்ணியவை. வைரஸ் அவற்றின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, இறந்த செல்களும் சளியும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. பெரியவரின் அகலமான குழாயில் மெல்லிய வீக்கம் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு மாதக் குழந்தையின் குழாயில் அதே வீக்கம் வழியை ஏறக்குறைய மூடிவிடும். அந்தத் தடையை மீறிக் காற்றை இழுக்கக் குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறது, விலாத் தசைகளையெல்லாம் பயன்படுத்துகிறது, களைக்கிறது. களைத்தபின் மூச்சு வேகம் குறைவதும் உண்டு. அதைச் சரியாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

நோயின் போக்கு தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். முதல் இரண்டு மூன்று நாட்கள் மூக்கொழுகல், தும்மல், லேசான காய்ச்சல். பிறகு இருமலும் இளைப்பும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் உச்சம். அதன்பின் மெல்லத் தெளியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். இதை அறியாதவர்கள், இரண்டாம் நாள் மருத்துவரைப் பார்த்து, நான்காம் நாள் குறையவில்லை என்று வேறு மருத்துவரிடம் ஓடி, அங்கே இன்னும் இரண்டு பாட்டில் மருந்து வாங்கி, ஆறாம் நாள் தானாகத் தெளிந்ததும் கடைசி பாட்டில்தான் குணமாக்கியது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றும் உண்டு: இருமலோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமலே, நடுவில் மூச்சு நின்றுபோவது. பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் சின்னஞ்சிறு குழந்தையைக் காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இனி மூச்சை எண்ணும் முறை. குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தவறும். சட்டையை நெஞ்சுக்கு மேலே சுருட்டிவிடுங்கள், வயிறும் மார்பும் முழுதாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஏற்ற இறக்கம் நன்றாகப் புலப்படும். செல்போனில் ஒரு நிமிடத்துக்கு டைமர் வைத்து, வயிறு மேலெழும் ஒவ்வொரு முறையையும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம். கைக்குழந்தைகள் சில மூச்சுகளை வேகமாக விட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவது இயல்பு. நீங்கள் எண்ணிய கால் நிமிடத்தில் அந்த இடைவெளி விழுந்தாலும் விழாவிட்டாலும் கணக்கு பிசகிவிடும். முழு 60 விநாடி எண்ணியே ஆக வேண்டும். அதிகமாக வந்தால் சிறிது பொறுத்து இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் அடிக்கும்போது மூச்சு சற்றுக் கூடும் என்பதால் காய்ச்சல் தணிந்தபின் ஒரு முறை எண்ணுவதும் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல். இந்த எண்ணைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எண்ணிக்கையோடு கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ்ப்பகுதி குழிந்து உள்ளே போகிறதா? மூக்குத்துளை விரிகிறதா? மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் முனகல் வருகிறதா? தலை மூச்சோடு சேர்ந்து ஆடுகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நம் குழந்தைகளின் நிறத்துக்கு, நீலம் பாய்வது கன்னத்திலோ விரலிலோ எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் பாருங்கள். மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பெரியவர்களின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். அந்தக் கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது, காட்டும் எண்ணை நம்ப முடியாது.

வீட்டில் செய்ய வேண்டிய சிகிச்சை பெரும்பாலும் மூக்கிலும் பாலிலும்தான் இருக்கிறது. முதல் சில மாதங்களில் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். மூக்கடைத்தால் பால் குடிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. மருந்துக் கடையில் உப்புக் கரைசல் சொட்டு மருந்து கிடைக்கும், விலையும் குறைவு. லேபிளில் சோடியம் குளோரைடு 0.65 அல்லது 0.9 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்ற பெயர் இருந்தால் அது வேறு மருந்து. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கைக்குழந்தைக்கு அது இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்கக் கூடியது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து என்று கடையில் பொதுவாகக் கேட்டால் இதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பால் கொடுக்கச் சில நிமிடங்களுக்கு முன் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் சளி இளகும். தும்மினால் தானே வெளியே வரும், துணியால் துடைத்தால் போதும். ரப்பர் பல்பால் உறிஞ்சி எடுப்பதானால், பல்பை வெளியிலேயே அழுத்திக்கொண்டு, நுனியை மூக்கின் வாசலில் மட்டும் வைத்து, மெதுவாக விட வேண்டும். மூக்குக்குள் வைத்தபிறகு அழுத்தினால் சளி உள்ளே தள்ளப்படும். நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சாதீர்கள். அதிகம் உறிஞ்சினால் உட்சவ்வு வீங்கி அடைப்பு கூடும், ரத்தமும் வரும். ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய சொட்டு மருந்துப் பாட்டிலை இன்னொரு குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தாய்க்குச் சளி இருந்தாலும் கை கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுக்கலாம். ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்கவைக்க முயலாமல், வழக்கத்தைவிடக் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். பாதி குடித்துவிட்டு விலகி மூச்சு வாங்கினால் விட்டுவிடுங்கள், சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு மிக வேகமாக இருக்கும்போது சங்கிலோ பாலாடையிலோ வலுக்கட்டாயமாகப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

படுக்கவைப்பதிலும் கவனம் வேண்டும். மூச்சுத்திணறல் இருக்கும் நாட்களில் சேலைத் தூளி வேண்டாம். அதில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுப் பாதை ஒடுங்குகிறது. மார்பு துணிக்குள் மறைந்திருப்பதால் மூச்சு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க முடியாது. தலையணை வைத்தாலும் அதே நிலைதான். தட்டையான பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள், அல்லது தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இருமல் சிரப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரியவந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். நச்சு கலந்த ஆலையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த சிரப் முற்றிலும் சுத்தமாக இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளின் சளிக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பதைப் பலர் எழுதவில்லை. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அந்த அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியது. இத்தகைய சிரப்களில் இருக்கும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் மருந்துக் கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்ற உத்தரவு 2023-லேயே வந்துவிட்டது. இருந்தும் கடைகளில் இவை கேட்டதும் கிடைக்கின்றன. இந்தக் கலவை ஆர்எஸ்வியை ஒன்றும் செய்யாது. குழந்தையைத் தூங்கவைக்கும். மூச்சு வாங்கும் குழந்தை மயக்கத்தில் கிடந்தால், நல்ல தூக்கம் என்று நினைத்து வீட்டார் மூச்சைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும். அதில்தான் அளவுத் தவறு மிக அதிகம் நடக்கிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. கடையில் இது மூன்று வலிமைகளில் விற்கிறது: ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து, 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப். 5 கிலோ குழந்தைக்குத் தேவை 75 மில்லிகிராம். சொட்டு மருந்தில் அது 0.75 மில்லி. 125 சிரப்பில் 3 மில்லி. 250 சிரப்பில் ஒன்றரை மில்லி. போன தடவை 3 மில்லி கொடுத்தோம் என்ற நினைப்பில் சொட்டு மருந்தை 3 மில்லி கொடுத்தால், ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டிய 300 மில்லிகிராமும் ஒரே வேளையில் உள்ளே போய்விடும். இப்படியே இரண்டு நாள் நடந்தால் கல்லீரல் கெடும். தலைகீழாக, சிரப்பை 0.75 மில்லி கொடுத்துவிட்டுக் காய்ச்சல் குறையவில்லையே என்று தவிப்பவர்களும் உண்டு. பாட்டிலோடு வரும் ஃபில்லரிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும், சமையலறைக் கரண்டியில் அல்ல. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பாட்டி வைத்தியத்தில் எல்லாவற்றையும் நாங்கள் தள்ளவில்லை. ஆனால் சில பழக்கங்கள் நேரடியாகத் தீங்கு செய்பவை. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது, தைலத்தை மூக்குக்கருகே பூசுவது: கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பை உண்டாக்கும். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, ஏற்கெனவே வீங்கியிருக்கும் சுவாசக் குழாயை மேலும் எரிச்சலூட்டும். கொசுவர்த்தி, விறகடுப்புப் புகை, பீடி, சிகரெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். ஆவி பிடிக்கவைத்து வெந்நீர் கொட்டிய தீக்காயங்கள் மழைக்காலத்தில் சாதாரணமாக வருகின்றன. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தேன் தடவ வேண்டாம், அதிலுள்ள நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கவைக்கக் கூடும்.

மருத்துவமனைக்கு வந்தபின் பெற்றோர் கேட்கும் இரண்டு விஷயங்கள் நெபுலைசரும் ஆன்டிபயாட்டிக்கும். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால், இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது, அதனால் அங்கே பலன் தருகிறது. இங்கே அடைப்பு வீக்கத்தாலும் சளியாலும் ஏற்பட்டது, தளர்த்துவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. குழந்தையின் இதயம் படபடப்பதுதான் மிச்சம். ஸ்டீராய்டும் இந்த நோயில் பயன் தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, கூடவே பாக்டீரியா நிமோனியாவோ காது சீழோ இருந்தால் மட்டுமே வேண்டும். தேவையானது ஆக்சிஜன், மூக்கைச் சுத்தம் செய்தல், குடிக்க முடியாவிட்டால் டியூப் வழியாகப் பால், இடைவிடாத கண்காணிப்பு. ஊசி போடாமல், மருந்து எழுதாமல், ஆக்சிஜன் மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோய்க்கு அதுதான் சரியான சிகிச்சை.

பரவுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகும் அண்ணனோ அக்காவோ சாதாரணச் சளியோடு வந்து தம்பிப் பாப்பாவை முத்தமிடுவதில் தொடங்குகிறது. வைரஸ் மேசை, பொம்மை, தொட்டில் கம்பி போன்றவற்றில் பல மணி நேரம் உயிரோடிருக்கும். அதைத் தொட்ட கை கண்ணுக்கோ மூக்குக்கோ போனால் தொற்றிவிடும். பள்ளி விட்டு வந்ததும் சோப்பால் 20 விநாடி கை கழுவியபிறகே பாப்பாவைத் தொட வேண்டும். பெயர்சூட்டு விழாவுக்குச் சளியோடு வரும் உறவினரிடம் குழந்தையைக் கொடுக்க மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதற்குத் தடுப்பூசி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1960-களில் அமெரிக்காவில் ஃபார்மலினில் கொன்ற வைரஸைக் கொண்டு ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. ஊசி போட்ட குழந்தைகளுக்கே நோய் மேலும் கடுமையாக வந்து, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஆராய்ச்சி பல ஆண்டுகள் தயங்கி நின்றது. வைரஸின் மேலிருக்கும் எஃப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் ஒரு வடிவிலும், பின் வேறு வடிவிலும் இருக்கிறது. முந்தைய வடிவத்தை எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள்தான் வலிமையானது என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் குழுவினர் 2013-ல் காட்டியதும் கதவு திறந்தது. 2023-ல் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. பெரிய சோதனையில் முதல் 90 நாட்களுக்குள் வரும் கடுமையான நோயை அது 82 சதவீத அளவுக்குத் தடுத்தது. இன்னொரு வழி, குழந்தைக்கே நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசி. ஸ்பெயினின் கலீசியா மாகாணத்தில் 2023-24 பருவத்தில் ஏறக்குறைய எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அதைப் போட்டதில், ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 82 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் பரிந்துரைத்தது. இந்தியாவின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இரண்டுமே இல்லை.

இதில் தமிழ்நாடு முன்னால் நிற்க முடியும். கர்ப்பிணிகளின் பதிவும், அவர்கள் தவறாமல் வந்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் இங்கே ஏற்கெனவே வலுவாக இருக்கின்றன. 28 வாரத்துக்குப் பின் போடும் ஒரே ஊசியை அதே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்ப்பதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. விலை மட்டுமே தடை. மொத்தக் கொள்முதலில் விலையைக் குறைக்கும் அனுபவம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு நிறையவே உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழி முடியும்வரை வானிலைச் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, 60, 50, 40 என்ற மூன்று எண்களையும் அவை எந்த வயதுக்கு உரியவை என்பதையும் நாள்தோறும் அச்சிடுங்கள். கூடவே, முழு நிமிடம் எண்ண வேண்டும் என்ற ஒரு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர்கள் சிலர்,
மதுரை